சாம்பல் மறித்த வான்வழி

கடலிற் செல்லும் கலத்திற்கு நீருள் மறைந்த பாறை பகை; நிலத்திற் செல்லும் வண்டிக்குப் பள்ளமும் சேறும் பகை. வானிற் செல்லும் விமானத்திற்கு அத்தகைய தடை யாதும் இல்லை என்றே பலரும் எண்ணுவர். மேகத்தைக் கீழே விட்டு, மலைமுடிகளுக்கு மேலே எழுந்து, காலையுணவை ஒரு நாட்டிலும் இரவுணவை மற்றொரு நாட்டிலும் கொள்ளும் வாய்ப்பை விமானம் மக்களுக்கு அளித்துள்ளது. ஆயினும் கண்ணுக்கு நன்கு புலப்படாத நுண்துகள் ஒன்று, அப்பெருங்கலத்தைத் தரையிலேயே நிறுத்திவிட வல்லது. அஃது எரிமலை உமிழும் சாம்பலாகும். 2010ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அச்சாம்பல் ஐரோப்பாவின் வான்வழியை ஏறத்தாழ ஆறு நாட்கள் மறித்து நின்றது. அந்நாட்களில் விமான நிறுவனங்கள் உற்ற இழப்பு யாது? அந்நிறுவனங்களில் பொருள் இட்டோர் எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது யாது? உலகம் அதனால் பெற்ற அறிவு யாது? இவற்றை இப்பாடத்தில் காண்போம்.

வட அட்லாண்டிக் பெருங்கடலில், வடதுருவ வட்டத்தை ஒட்டி, ஐஸ்லாந்து என்னும் தீவுநாடு உள்ளது. நாம் வாழும் பூமியின் மேலோடு ஒரே பாளமாக அமைந்ததன்று. பல தட்டுகளாகப் பிரிந்து, மெல்ல மெல்ல நகர்ந்து கொண்டிருப்பது. வட அமெரிக்கத் தட்டும் ஐரோப்பிய ஆசியத் தட்டும் ஒன்றைவிட்டு ஒன்று விலகும் எல்லையின்மீது ஐஸ்லாந்து அமைந்திருக்கிறது. ஆதலின், அந்நாட்டில் பனியும் நெருப்பும் அண்டை வீட்டாரைப்போல் அருகருகே வாழ்கின்றன. அதன் தென்பகுதியில் எய்யாஃபியாட்லாயோக்குட் என்னும் மலை ஒன்று உண்டு. நம் நாவிற்கு எளிதில் வாராத அப்பெயர், தீவு, மலை, பனியாறு என்று பொருள்படும் மூன்று சொற்கள் சேர்ந்து அமைந்ததாகும். அம்மலை ஏறத்தாழ 1,650 மீட்டர் உயரமுடையது. அதன் உச்சியைத் தடித்த பனிப்பாளம் மூடியிருக்கும். 1821ஆம் ஆண்டு முதல் 1823ஆம் ஆண்டு வரை கனன்ற பின்னர், அம்மலை நூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேல் உறங்கிக் கிடந்தது.

2010ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 20ஆம் நாள் அம்மலையின் பக்கத்தே நிலம் பிளந்தது. பிளவின் வழியே நெருப்புக் குழம்பு ஊற்றெனப் பொங்கியது. அதனால் பெருந்தீங்கு ஒன்றும் விளையவில்லை. மக்கள் வேடிக்கை காணவும் சென்றனர். அக்குழம்பு அடங்கிய சில நாட்களுக்குள், ஏப்ரல் 14ஆம் நாள், மலையின் உச்சியிலேயே பனிப்பாளத்தின் அடியில் நெருப்பு வெடித்தது. பனி உருகி வெள்ளமாகப் பாய்ந்தது. மலையடிவாரத்து மக்கள் ஏறத்தாழ 800 பேர் வேறிடங்களுக்குப் பெயர்க்கப்பட்டனர். பனிநீர் கொதிக்கும் குழம்போடு கலந்தவுடன் ஒரு நொடியில் ஆவியாயிற்று. அவ்வேகத்தில் குழம்பு நுண்பொடியாகச் சிதறியது. அப்பொடி ஏறத்தாழ 9 கிலோமீட்டர் உயரம் வரை எழுந்தது. அந்நாட்களில் வடமேற்கிலிருந்து வீசிய காற்று அதனை ஏந்திக்கொண்டு, பிரிட்டன், நார்வே முதலிய நாடுகளை நோக்கிச் சென்றது.

சாம்பல் என்னும் சொல்லைக் கேட்டவுடன் அடுப்புச் சாம்பலே நம் நினைவிற்கு வரும். விறகு எரிந்தபின் எஞ்சும் அச்சாம்பல் மென்மையானது. பாத்திரம் துலக்கப் பயன்படுவது. எரிமலைச் சாம்பலோ அத்தகையதன்று. அது பாறையும் கண்ணாடியும் பொடிந்த பொடி. எரிந்து எஞ்சியதன்று, உடைந்து சிதறியது. ஒவ்வொரு துகளும் கூரிய விளிம்புகளை உடையது, நீரில் கரையாதது. அத்துகள்களுட் பெரியவை மலையின் அருகிலேயே வீழ்ந்துவிடும். மிகச் சிறியவை பல நாட்கள் காற்றில் மிதந்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் செல்லும்.

இத்துகள் விமானத்திற்கு யாங்ஙனம் பகையாகின்றது? விமானத்தின் ஜெட் எஞ்சின் காற்றை உண்டு வாழ்வது. பெரிய எஞ்சின் ஒன்று ஒரு நொடியில் பல நூறு கன மீட்டர் காற்றை உள்ளே இழுக்கும். காற்றோடு சாம்பலும் உட்புகுமாயின், முதலில் அது எஞ்சினின் இலைகளை உப்புத்தாளைப்போல் தேய்க்கும். பின்னர் எரிபொருள் எரியும் அறைக்குள் செல்லும். எரிமலைச் சாம்பலில் உள்ள கண்ணாடி ஏறத்தாழ 1,100 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் உருகும். எரியறையின் வெப்பமோ அதனினும் மிகுதி. உருகிய கண்ணாடி, சற்றுக் குளிர்ந்த உறுப்புகளின்மேல் படிந்து இறுகும். காற்றுச் செல்லும் வழி அடைபடும். எஞ்சின் மூச்சுத் திணறி நின்றுவிடும். இஃதன்றியும், விமானியின் முன்னுள்ள கண்ணாடி தேய்ந்து மங்கும். வேகத்தை அறிவிக்கும் குழல் அடைபட்டுப் பொய்க்கணக்குக் காட்டும். மழைத்துளிகளை அறிந்து உரைக்கும் ராடார் கருவி, இந்நுண்துகளை அறிந்து உரைக்க இயலாதது. இரவிலோ கண்ணாலும் அதனைக் காண்டல் அரிது.

இது வெறும் அச்சமன்று, நேர்ந்த செய்தியாகும். 1982ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் இரவு, பிரிட்டிஷ் ஏர்வேஸ் நிறுவனத்தின் போயிங் 747 விமானம் ஒன்று கோலாலம்பூரிலிருந்து ஆஸ்திரேலியாவின் பெர்த்து நகருக்குப் பறந்துகொண்டிருந்தது. ஜாவாத் தீவில் கலுங்குங் எரிமலை உமிழ்ந்த சாம்பலுள் அது தன்னையறியாது புகுந்தது. நான்கு எஞ்சின்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ஏறத்தாழ 260 பேரைச் சுமந்த அவ்விமானம், 37,000 அடி உயரத்திலிருந்து ஓசையின்றி இறங்கலாயிற்று. தலைமை விமானி எரிக் மூடி, சிறு தொல்லை ஒன்று நேர்ந்திருக்கிறதென்றும், நான்கு எஞ்சின்களும் நின்றுவிட்டன என்றும் பயணிகளுக்கு அமைதியாக அறிவித்தார். சாம்பற் படலத்தைக் கடந்து கீழே வந்தபின் எஞ்சின்கள் மீண்டும் உயிர்பெற்றன. விமானம் ஜகார்த்தாவில் இறங்கியது. எவரும் இறக்கவில்லை. 1989ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் அலாஸ்காவில் ரிடவுட் என்னும் எரிமலையின் சாம்பலுள் புகுந்த கே.எல்.எம். நிறுவனத்தின் விமானத்திற்கும் இவ்வாறே நேர்ந்தது. அதிலும் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால், வாங்கிச் சில திங்களே ஆன அவ்விமானத்தைச் செப்பனிட 8 கோடி டாலருக்கு மேல் செலவாயிற்று.

இந்நிகழ்ச்சிகளால் உலகம் விழித்துக்கொண்டது. எரிமலைச் சாம்பல் எங்கே எழுகின்றது, எத்திசையிற் செல்கின்றது என்று கணித்து உரைக்க, உலகின் பல பகுதிகளில் ஒன்பது நிலையங்கள் ஏற்பட்டன. ஐஸ்லாந்துச் சாம்பலைப்பற்றி அறிவிக்கும் கடமை, பிரிட்டனின் வானிலை ஆய்வு நிலையத்தைச் சார்ந்தது. சாம்பல் உள்ள இடத்தை அறவே விலக்குக என்பதே அன்று நிலவிய விதி. எவ்வளவு சாம்பல் இருப்பின் தீங்கு, எவ்வளவு இருப்பின் தீங்கில்லை என்னும் அளவு வகுக்கப்படவில்லை. அலாஸ்காவிலும் ஜாவாவிலும் அவ்விதி பெருந்தொல்லை தரவில்லை. அங்கே சுற்றிப்போக வானம் இருந்தது. ஐரோப்பாவிலோ, நாடுகள் நெருங்கியவை. வான்வழிகள் நெய்த துணியின் இழைகள்போற் பின்னிக் கிடப்பவை. ஆதலின், சாம்பல் வந்தபோது விலகிச் செல்ல இடமில்லாது போயிற்று.

ஏப்ரல் 15ஆம் நாள் பிரிட்டன் தன் வான்வழியை மூடியது. அடுத்தடுத்து நார்வே, சுவீடன், டென்மார்க்கு, பெல்ஜியம், நெதர்லாந்து, ஜெர்மனி, போலந்து முதலிய நாடுகளும் முழுதுமாகவோ பகுதியாகவோ மூடின. ஏப்ரல் 18ஆம் நாள், வழக்கமாக 24,000 விமானங்கள் பறக்கும் ஐரோப்பிய வானில், ஏறத்தாழ 5,000 விமானங்களே பறந்தன. அன்று போலந்துக் குடியரசுத் தலைவரின் இறுதிச் சடங்கு நிகழ்ந்தது. அதற்குச் செல்லவிருந்த அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஒபாமாவும் செல்ல இயலவில்லை. பிரிட்டன், தன் படைவீரரையும் மக்களையும் அழைத்துவர, ஆல்பியன் என்னும் போர்க்கப்பலை ஸ்பெயின் நாட்டுத் துறைமுகத்திற்கு அனுப்பியது. மொத்தத்தில், 1,00,000க்கு மேற்பட்ட விமானப் பயணங்கள் நின்றன. ஏறத்தாழ ஒரு கோடிப் பயணிகள் இடருற்றனர்.

இனி, விமான நிறுவனங்களின் கணக்கைக் காண்போம். ஒரு கடைக்காரர் இன்று விற்காத துணியை நாளை விற்கலாம். நாளை விற்காததை அடுத்த திங்களில் விற்கலாம். பூக்காரர் இன்று தொடுத்த மல்லிகையை நாளை விற்க இயலாது. விமான நிறுவனம் பூக்காரரைப் போன்றது. இன்று பறக்கவேண்டிய விமானத்தின் இருக்கை, பறக்கும் நேரம் கடந்தவுடன் மதிப்பிழந்து போகின்றது. அதனைச் சேமித்து வைத்து மறுநாள் விற்க வழியில்லை. நின்ற விமானத்தின் பயணிகளை மறுநாள் ஏற்றிச் சென்றாலும், அவர்கள் அமரும் இருக்கை மறுநாளைக்கு உரியதேயன்றி, இழந்த நாளுக்கு உரியதன்று.

வரவு இங்ஙனம் மறைய, செலவு மறைவதில்லை. நிறுவனங்களின் செலவு இரு வகைப்படும். தொழில் நடந்தால் உண்டாகும் செலவு ஒன்று. தொழில் நடப்பினும் நில்லினும் உண்டாகும் செலவு மற்றொன்று. எரிபொருளும் விமான நிலையத்தில் இறங்குவதற்குரிய கட்டணமும் முதல்வகையைச் சேர்ந்தவை. விமானிகள், பணியாளர்கள் ஆகியோரின் சம்பளம், கடனுக்குரிய வட்டி, குத்தகைக்கு எடுத்த விமானங்களின் வாடகை ஆகியவை இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. இவ்விரண்டாம் வகையை நிலைச்செலவு என்பர். பறவாத விமானத்திற்கும் வாடகை உண்டு. நிற்கும் நாளுக்கும் வட்டி உண்டு.

விமான நிறுவனங்களின் உலகச் சங்கம் கணக்கிட்டுக் கூறிய எண்கள் இதனைத் தெளிவாக்கும். ஏப்ரல் 17 முதல் 19 வரை, இடர் மிகுந்த அம்மூன்று நாட்களில், நாளொன்றுக்கு 40 கோடி டாலர் வருவாய் இழப்பு நேர்ந்தது. உலக விமானப் போக்குவரத்தில் நூற்றுக்கு 29 பங்கு தடைப்பட்டது. நாள்தோறும் 12 இலட்சம் பயணிகள் தடையுற்றனர். விமானங்கள் பறவாமையால் எரிபொருளில் நாளொன்றுக்கு மிஞ்சியது 11 கோடி டாலரே. நாற்பது போக, மீண்டது பதினொன்று என்பதை நோக்குக. தடை நீங்கும்வரை விமான நிறுவனங்கள் இழந்த வருவாய் மொத்தம் 170 கோடி டாலருக்கு மேலாகும் என்று அச்சங்கம் மதிப்பிட்டது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் நிறுவனம், தன் இழப்பு மட்டும் நாளொன்றுக்கு ஒன்றரைக் கோடி முதல் இரண்டு கோடிப் பவுன் வரை ஆகும் என்று அறிவித்தது.

வருவாய் இழப்போடு துன்பம் முடியவில்லை. 2004ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய ஒரு சட்டத்தின்படி, பயணம் நின்று அயலூரில் தங்க நேர்ந்த பயணிகளுக்கு உணவும் உறையுளும் அளிக்கும் கடமை விமான நிறுவனத்தைச் சார்ந்தது. எரிமலை வெடித்தது நிறுவனத்தின் குற்றமன்று. எனவே, நட்ட ஈடாகப் பணம் தரவேண்டுவதில்லை. ஆயினும், வழியில் நிற்கும் பயணியைப் பேணும் கடமை நீங்குவதில்லை. மலிவான கட்டணம் பெற்ற நிறுவனம், அக்கட்டணத்தினும் பன்மடங்கு தொகையை விடுதிக்குக் கொடுக்க நேர்ந்தது. இஃது எல்லையற்ற சுமையன்றோ என்று வழக்கு எழுந்தது. 2013ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 31ஆம் நாள் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. எரிமலையால் வான்வழி மூடப்படுவது வழக்கத்திற்கு மாறான நிகழ்ச்சியே. ஆனால், பயணி மிகவும் எளியனாய் நிற்கும் வேளை அதுவே. ஆதலின் பேணும் கடமைக்கு நாளெல்லையோ பணவெல்லையோ இல்லை என்பது அத்தீர்ப்பின் கருத்து.

காப்பீடு உண்டே, அது கைகொடாதா என்று சிலர் வினவலாம். தொழில் நின்றதால் வரும் இழப்பிற்கு ஈடு தரும் காப்பீடு, பெரும்பாலும் உடைமைக்குச் சேதம் உற்றபோதே பணம் தரும். தீப்பற்றி எரிந்த பட்டறைக்கு ஈடு கிடைக்கும். 2010ஆம் ஆண்டில் விமானங்கள் பழுதின்றி நின்றன, ஓடுபாதைகள் பழுதின்றிக் கிடந்தன, வானமே மூடியிருந்தது. ஆகவே, பல நிறுவனங்கள் காப்பீட்டின் உதவியைப் பெறவில்லை. விமானங்களைக் காத்த தடையே, ஈடு பெறும் வழியையும் அடைத்தது.

இழப்பு விமான நிறுவனங்களோடு நின்றதா? இல்லை. ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டு உழவர், ரோசாப் பூக்களையும் பச்சைக் காய்களையும் விமானத்தில் ஏற்றி ஐரோப்பாவிற்கு அனுப்புவது வழக்கம். வான்வழி அடைபட்டதால், பறித்த பூக்கள் பெட்டிகளிலேயே வாடின, குப்பையிற் கொட்டப்பட்டன, தோட்டக் கூலியாட்கள் வேலையின்றி இருந்தனர். ஐஸ்லாந்தின் பெயரைக்கூட அவருள் பலர் அதற்குமுன் அறிந்திரார். ஜப்பானில் நிசான் நிறுவனம், அயர்லாந்திலிருந்து வரவேண்டிய ஒரு சிறு கருவி வாராமையால், மோட்டார் வண்டி செய்யும் வேலையைச் சிறிது நிறுத்த நேர்ந்தது. விமானம் கட்டும் ஏர்பஸ் நிறுவனம் கேட்டுக்கொண்டதன்பேரில் ஓர் ஆராய்ச்சிக் குழுவினர் கணக்கிட்டதில், உலகப் பொருளாதாரம் உற்ற மொத்த இழப்பு ஏறத்தாழ 500 கோடி டாலர் என மதிப்பிடப்பட்டது.

இனி, முதலீட்டாளர் நிலையை நோக்குவோம். ஒரு நிறுவனத்தின் பங்கை வாங்குவோர் அந்நிறுவனத்தின் உரிமையில் ஒரு சிறு கூறு பெறுகின்றனர். அதன் இலாபத்திலும் நட்டத்திலும் அவர்க்குப் பங்குண்டு. முதலீட்டாளர் என்போர் பெருஞ்செல்வர் மட்டுமல்லர். ஓய்வூதிய நிதியும் காப்பீட்டு நிதியும் மக்கள் சேர்த்த பணத்தைப் பங்குகளில் இடுவதுண்டு. ஆகவே, பங்கு வாங்கியறியாத ஓர் ஆசிரியரின் முதுமைச் சேமிப்பும் ஒரு விமான நிறுவனத்தில் இருத்தல் கூடும். சாம்பல் எழுந்த செய்தி பரவியதும், ஐரோப்பிய விமான நிறுவனங்களின் பங்குவிலை இறங்கியது. மறுபுறத்தில், கடலடிச் சுரங்கத்தின் வழியே இலண்டனையும் பாரிசையும் இணைக்கும் ஈரோஸ்டார் இரயிலிலும், கப்பல்களிலும் இடம் கிடைப்பது அரிதாயிற்று. ஒருவர் இழந்த பயணி மற்றொருவர்க்கு வந்து சேர்ந்தார்.

இவ்வேளையில் முதலீட்டாளர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள் சில உண்டு. விலை இறங்கியதற்குக் காரணம் உண்மையில் சாம்பல்தானா என்பது முதல் வினா. 2010ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள், கோல்டுமன் சாக்ஸ் என்னும் பெரு நிதி நிறுவனத்தின்மீது அமெரிக்கப் பங்குச்சந்தைக் கண்காணிப்பு ஆணையம் வழக்குத் தொடுத்தது. அச்செய்தியால் அன்று உலகச் சந்தைகள் பல இறங்கின. அன்றைய வீழ்ச்சி முழுவதையும் எரிமலையின்மேல் ஏற்றுவது பிழையாகும். இரண்டு நிகழ்ச்சிகள் ஒரே நாளில் வந்தால், ஒவ்வொன்றின் பங்கையும் பிரித்தறிய வேண்டும்.

இழந்தது என்றும் திரும்பாத இழப்பா, சிறிது காலத் தடையா என்பது இரண்டாம் வினா. விமானம் பறத்தற்குரிய தேவை குன்றவில்லை; வழியே அடைபட்டிருந்தது. வழி திறந்தவுடன் பயணிகள் மீண்டும் வந்தனர். பிரிட்டிஷ் ஏர்வேஸ் நிறுவனமும் ஸ்பெயின் நாட்டு ஐபீரியா நிறுவனமும் ஒன்றுசேர்வதற்கு எழுதிய உடன்படிக்கை, சாம்பல் எழுவதற்கு ஆறு நாள் முன்னதாக, ஏப்ரல் 8ஆம் நாள் கையெழுத்தாயிற்று. சாம்பலால் அவ்வுடன்படிக்கை முறியவில்லை. 2011ஆம் ஆண்டு ஜனவரியில் இரண்டும் ஒன்றாயின. உலக விமானத் தொழில் முழுவதையும் ஒருங்கே கூட்டிப் பார்த்தபோது, 2010ஆம் ஆண்டு நட்டத்தில் முடியவில்லை, இலாபத்திலேயே முடிந்தது. ஏப்ரலில் அஞ்சிப் பங்கை விற்றோர், ஒரு வாரத்தின் இருளை ஓர் ஆண்டின் இருளாக எண்ணிவிட்டனர் என்க.

எந்நிறுவனம் தடையைத் தாங்கும், எந்நிறுவனம் தாங்காது என்பது மூன்றாம் வினா. இதுவே தலைமையானது. ஒரே நிலப்பகுதியில் மட்டும் பறக்கும் நிறுவனம், அப்பகுதி மூடப்பட்டால் முழுதும் நின்றுவிடும்; பல திசைகளிற் பறக்கும் நிறுவனத்திற்கு மற்றத் திசைகள் துணையாகும். கைப்பொருள் வைத்திருக்கும் நிறுவனம் பல நாள் பொறுக்கும்; கடன் மிகுந்த நிறுவனத்திற்கு ஒரு வாரமும் ஓர் ஊழியாகத் தோன்றும். நல்ல காலத்தில் இவ்வேற்றுமை புலப்படாது. ஓடும் வண்டிகள் எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். நிற்கும்போதுதான் அச்சாணி உறுதியுள்ளது எது என்று தெரியும். ஆறு நாள் தடை காட்டிய இவ்வுண்மையை, 2020ஆம் ஆண்டில் பரவிய கொரோனாப் பெருந்தொற்று பல திங்கள் நீடித்துக் காட்டியது. அப்போது கைப்பொருள் குன்றிய நிறுவனங்கள் சில வீழ்ந்தன. பல, அரசின் உதவியால் பிழைத்தன.

மூடிய நாட்களிலேயே, இம்மூடல் வேண்டுவதுதானா என்னும் பெரிய பூசல் எழுந்தது. கணக்குப் பொறி வரைந்த படத்தை மட்டும் நம்பி, வானத்தை அளந்து பாராமல் மூடிவிட்டனர் என்று விமான நிறுவனத்தார் குறைகூறினர். லுப்தான்சா, கே.எல்.எம். ஆகிய நிறுவனங்கள் பயணிகள் இல்லாமல் விமானங்களைப் பறக்கவிட்டுச் சோதித்தன. பிரிட்டிஷ் ஏர்வேஸ் நிறுவனத்தின் தலைவரும், முன்னாள் விமானியுமாகிய வில்லி வால்ஷ், ஏப்ரல் 18ஆம் நாள் அத்தகைய சோதனை விமானத்தில் தாமே ஏறிச் சென்றார். ஜெர்மனியின் வான்வெளி ஆய்வு நிலையம், கருவிகள் பொருத்திய விமானத்தை மறுநாள் அனுப்பிச் சாம்பலை அளந்தது. விமானங்களையும் எஞ்சின்களையும் செய்வோர், எவ்வளவு சாம்பலைத் தம் எஞ்சின்கள் தாங்கும் என்பதை ஆராய்ந்து கூறினர்.

அதன் பயனாக, ஏப்ரல் 20ஆம் நாள் பிரிட்டன் ஓர் அளவை வகுத்தது. ஒரு கன மீட்டர் காற்றில் 2 மில்லிகிராமுக்கு மேல் சாம்பல் இருப்பின் பறத்தல் கூடாது. அதற்குக் கீழாயின், மிகுந்த விழிப்போடு பறக்கலாம் என்பது அவ்வளவை. நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் உடைய பெரிய பெட்டியினுள் சில சர்க்கரைத் துணுக்குகளைத் தூவினாற்போன்ற அளவு அது. மே மாதத்தில், உரிய கட்டுப்பாடுகளோடு, 4 மில்லிகிராம் வரை பறக்க இசைவு தரப்பட்டது. சாம்பல் அன்றே மறைந்து விடவில்லை. அதனை அளக்கும் கோல் கிடைத்தது. கோல் கிடைத்தவுடன் வானம் திறந்தது.

இதனால், முன்னர் மூடியது தவறு என்று கொள்ளலாமா? கூடாது. 2011ஆம் ஆண்டில் ஐஸ்லாந்து, கோபனேகன் ஆகிய பல்கலைக்கழகங்களைச் சார்ந்த அறிஞர்கள் அச்சாம்பலை நுணுகி ஆராய்ந்தனர். முதல்நாளில் எழுந்த துகள்கள் மிகவும் நுண்ணியவை, கூரியவை, பறக்கும் விமானத்தைத் தேய்த்து ஊறுசெய்ய வல்லவை என்றும், வானத்தை மூடியது தக்கதே என்றும் அவர்கள் கண்டுரைத்தனர். அளவு தெரியாத இடத்தில் அடக்கமே அறிவு. அளவு தெரிந்தபின் அதற்கேற்ப நடத்தல் அறிவு. முன்னதை மட்டும் கொண்டால் உலகம் நின்றுவிடும். பின்னதற்கு முன்னரே துணிந்தால் உயிர் போய்விடும்.

இப்பாடத்தை உலகம் கற்றது என்பதற்குப் பின்வந்த நிகழ்ச்சிகள் சான்றாகும். 2011ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் ஐஸ்லாந்திலேயே கிரிம்ஸ்வோத்ன் என்னும் எரிமலை, முன்னதினும் வலிமையாக வெடித்தது. அச்சாம்பல் பருமையானதால் விரைவில் வீழ்ந்தது. புதிய அளவையும் கைவசம் இருந்தது. எனவே, ஐரோப்பாவில் நின்ற பயணங்கள் ஏறத்தாழ 900 மட்டுமே. அவ்வாண்டு ஜூன் திங்களில் சிலி நாட்டில் எழுந்த சாம்பல், பூமியின் தென்பாதியைச் சுற்றி ஆஸ்திரேலியா வரை சென்றது. அங்கே சில நிறுவனங்கள் விமானங்களை நிறுத்தின. சில, சாம்பலுக்குக் கீழே தாழப் பறந்து சென்றன. 2025ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் எத்தியோப்பியாவில் ஹைலி குப்பி எரிமலை வெடித்தபோது, அதன் சாம்பல் செங்கடலையும் அரபிக்கடலையும் கடந்து வட இந்தியாவின் வானம் வரை வந்தது. இந்திய விமான நிறுவனங்கள் சில பயணங்களை நீக்கின. சிலவற்றை வேறு வழியிற் செலுத்தின. நாடு முழுவதும் வானத்தை மூட வேண்டிய நிலை எழவில்லை.

மாணவர்களே! எரிமலையை அடக்க மனிதரால் ஆகாது. காற்றைத் திருப்பவும் ஆகாது. ஆனால், துகளை அளக்கலாம், செலவை எண்ணலாம், இடர்க்காலத்திற்கென்று சிறிது பொருளை ஒதுக்கி வைக்கலாம். விமானம் நின்றபோது வெளிப்பட்டது சாம்பலின் வலிமை மட்டுமன்று. ஒருநாளும் நில்லாது ஓடுவோம் என்னும் நம்பிக்கையின்மேல் எழுதப்பட்ட கணக்கின் மென்மையும் ஆகும். விமானி ஒருவர் அறியவேண்டுவது தம் எஞ்சின் தாங்கும் அளவு. நிறுவனத்தார் அறியவேண்டுவது தம் கைப்பொருள் தாங்கும் நாள். முதலீட்டாளர் அறியவேண்டுவது தம் சேமிப்புத் தாங்கும் இழப்பு. இம்மூவர்க்கும் வேண்டுவது அளவறிதல் என்னும் ஒன்றே. அஃது உடையார்க்கு, மூடிய வானம் ஒருநாள் திறக்கும்வரை காத்திருக்கும் ஆற்றல் தானே வந்தமையும்.